ஒளிந்தவர்களும் ஒளித்தவர்களும்: நெதர்லாந்தில் ஐந்து நாள்

மே 1, வியாழன். ஆம்ஸ்டர்டாம்

அத்தை மதுரையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. துலிப் தோட்டம், காற்றாலை எல்லாம் போன வாரமே பார்த்து முடித்துவிட்டோம். மே 4 இந்த நாட்டில் போரில் மாண்டவர்களை நினைக்கும் நாள். அன்று இரவு எட்டு மணிக்கு ரயில் நிற்கும், டிராம் நிற்கும், ரோட்டில் போகிறவர்களும் அப்படியே நிற்பார்கள். இரண்டு நிமிடம் நாடே பேசாமல் இருக்கும். எய்ன்ட்ஹோவனுக்குக் குடிவந்த இந்த ஆறு வருடமும் நானும் நின்றிருக்கிறேன். யாருக்காக நிற்கிறேன் என்பது மட்டும் அரைகுறையாகத்தான் தெரியும். இந்த ஆண்டு, 2025, ஹிட்லரின் ஜெர்மனியிடமிருந்து இந்த நாடு விடுதலை பெற்ற 80-ஆம் ஆண்டு. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து லீவு போட்டேன். அந்தப் போரில் கொல்லப்பட்ட இந்த நாட்டு யூதர்களைப் பற்றி அத்தையிடம் சொன்னதும், "ஏசு பொறந்த சனந்தானே அது? நானும் வர்றேன்" என்றார். அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன். கணவருக்கு வேலை. சனிக்கிழமை ராத்திரி காரோடு வந்து சேர்ந்துகொள்வார்.

இன்று மதியம் வேஸ்பர்ஸ்ட்ராட் தெருவில் இருக்கும் பெயர்ச் சுவருக்குப் போனோம். 2021 செப்டம்பரில் திறந்தது. வடிவமைத்தவர் டேனியல் லிபெஸ்கிண்ட். செங்கல் சுவர்கள் வளைந்து வளைந்து போகின்றன. மேலிருந்து பார்த்தால் நான்கு ஹீப்ரு எழுத்துகளாகத் தெரியும், 'நினைவாக' என்று பொருள் என்கிறார்கள். கீழே நடக்கிறவர்களுக்கு எழுத்தெல்லாம் தெரியாது, செங்கல்தான் தெரியும். ஒரு செங்கல்லுக்கு ஒரு ஆள். பெயர், பிறந்த தேதி, சாகும்போது இருந்த வயது. இப்படி 1,02,000-க்கும் மேல். எல்லாரும் இந்த நாட்டிலிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட யூதர்கள், அவர்களோடு ஐரோப்பாவின் சிறுபான்மை இனத்தவரான சின்டி, ரோமா மக்கள் 220 பேர்.

1940 மே 10 அன்று ஜெர்மன் படை உள்ளே வந்தபோது இங்கே இருந்த யூதர்கள் சுமார் 1,40,000 பேர். அதில் சுமார் 1,07,000 பேரை ரயிலேற்றி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் 5,000 பேர்தான் இருக்கும். மேற்கு ஐரோப்பாவில் வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு பெரிய பங்கு யூதர்கள் அழியவில்லை. ஒரே குடும்பப் பெயர் வரிசையாக இருபது முப்பது செங்கல்லுக்கு ஓடுகிறது. அத்தைக்கு அந்த எழுத்தை வாசிக்க வராது, எண் தெரியும். வயதை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே நடந்தார். "அறுவத்தொண்ணு. முப்பத்தி நாலு. அஞ்சு." அந்த அஞ்சில் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

சில செங்கற்களுக்குக் கீழே சின்னச் சின்னக் கூழாங்கற்கள் இருந்தன. பூ வைக்க மாட்டார்களா என்று கேட்டார். யூதர்கள் கல்லறைக்குப் போனால் கல்தான் வைப்பார்கள் என்றேன்.

இவர்களில் பலர் பிடிபடும் முன் எங்கெங்கோ ஒளிந்திருந்தவர்கள். ஒளிந்தவர்களை டச்சுக்காரர்கள் 'ஒன்டர்டைக்கர்' என்கிறார்கள். நேரடியாகச் சொன்னால், முங்கியவர். குளத்தில் முங்குகிறோமே, அந்த முங்கல்தான். சுமார் 28,000 யூதர்கள் அப்படி முங்கினார்கள் என்று கணக்கு. மூச்சோடு மேலே வந்தவர்கள் சுமார் 16,000.

இதை அத்தைக்கு விளக்கும்போது 'ஒளிந்தவர்', 'ஒளித்தவர்' என்று மாற்றி மாற்றிச் சொல்லி நானே குழம்பிவிட்டேன். தமிழில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். இந்தப் பயணத்தில் அந்த இரண்டு பேரையும் சேர்த்தே தேடுவது என்று இன்று ராத்திரி முடிவு செய்திருக்கிறேன்.

மே 2, வெள்ளி. ஆம்ஸ்டர்டாம்

ஒளிந்திருந்தபடி டைரி எழுதிய சிறுமி ஆனி ஃபிராங்கின் வீட்டுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அந்தக் கதை தமிழில் பலருக்கும் தெரியும், அதனால் இங்கே விரிவாக எழுதவில்லை. ஆனாலும் அந்தக் கால்வாய்க் கரையில் காலையில் ஒரு நடை போனோம். அங்கே அத்தைக்கு ஒரு காய்கறிக்கடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். ஆனி குடும்பத்தையும் சேர்த்து எட்டுப் பேர் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒரு அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தார்கள், 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட் 4 வரை. அவர்களுக்குக் காய் வாங்கிப் போனவர் அலுவலகத்தில் வேலை பார்த்த மீப் ஹீஸ். பக்கத்துக் கால்வாய்க்கரையில் கடை வைத்திருந்தவர் ஹென்ட்ரிக் ஃபான் ஹூவ. இத்தனை காய் யாருக்கு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் வீட்டிலேயே இரண்டு யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். 1944 மே மாதம் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், முகாம் முகாமாக அலைந்து உயிரோடு திரும்பினார்.

"அப்ப எட்டுப் பேருக்கு ரேஷன் கார்டு?" என்றார் அத்தை. எனக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி அது. அந்தக் காலத்தில் ரொட்டி, வெண்ணெய், சோப்பு எல்லாமே கூப்பன். ஒளிந்தவருக்குக் கார்டு கிடையாது. கார்டு வாங்கப் போனால் அடையாள அட்டை கேட்பார்கள், யூதர் என்றால் அதில் 'ஜே' என்ற எழுத்தைப் பெரிதாக முத்திரை குத்தியிருப்பார்கள். ஆக, ஒரு ஆளை ஒளித்துவைப்பது என்றால் கார்டு தேடுவதும் அதில் ஒரு பாதி வேலை. இதற்கென்றே நாடு முழுக்க ஒரு ரகசிய அமைப்பு இருந்தது. தொடங்கியவர்கள் இரண்டு பேர்: ஹெலேனா கௌபர்ஸ்-ரீட்பெர்க் என்ற குடும்பத் தலைவி, ஃபிரிட்ஸ் ஸ்லோம்ப் என்ற பாதிரியார். ஆயுதம் ஏந்திய குழுக்கள் ரேஷன் அலுவலகங்களை உடைத்துக் கூப்பன்களை அள்ளி வருவார்கள், இவர்கள் அதை வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த அம்மாவை எல்லாரும் 'ரீக் சித்தி' என்று கூப்பிடுவார்களாம். 1944 கடைசியில் ஜெர்மனியில் இருந்த ராவன்ஸ்புரூக் பெண்கள் முகாமில் இறந்துபோனார்.

மதியம் பிளான்டாஹ் பகுதி. நான் முக்கியமாகப் பார்க்க வந்தது இதைத்தான்.

ஒரு தெரு. இந்தப் பக்கம் ஒரு நாடகக் கொட்டகை, ஹோலண்ட்ஸ ஸ்கௌபர்க். எதிர்ப்பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதை ஒட்டி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. நடுவில் டிராம் பாதை. 1942 ஜூலையிலிருந்து இந்தக் கொட்டகையைத்தான் யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக்கினார்கள். சுமார் 46,000 பேர் இதன் வழியாகப் போனார்கள். உள்ளே இட நெருக்கடியும் குழந்தைகள் அழும் சத்தமும் தாங்காமல், சின்னப் பிள்ளைகளை எதிரே இருந்த காப்பகத்தில் விட்டுவைத்தார்கள். ரயிலேறும் நாளில் மறுபடி பெற்றோரிடம் சேர்ப்பார்கள்.

அந்த இடைவெளியில்தான் மூன்று பேர் ஒரு வேலை செய்தார்கள். கொட்டகை நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட வால்டர் ஸூஸ்கிண்ட், ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். காப்பகத் தலைவி ஹென்ரியெட் பிமென்டெல், அவரும் யூதர். பக்கத்துக் கல்லூரியின் யோஹன் ஃபான் ஹுல்ஸ்ட், கிறிஸ்தவர். முதலில் பெற்றோரிடம் கேட்பார்கள். அவர்கள் சரி என்றால், அந்தப் பிள்ளையின் பெயரைப் பதிவு அட்டையிலிருந்து காணாமல் போகச் செய்ய வேண்டும். பிறகு பிள்ளையைப் பின்பக்கத் தோட்ட வேலிக்கு மேலாகக் கல்லூரிப் பக்கம் கைமாற்றுவார்கள். சில பிள்ளைகள் துணிக்கூடையில், முதுகுப் பையில் வெளியே போயின. வாசல் வழியாகவும் ஒரு வழி இருந்தது. எதிரே காவலுக்கு நிற்பவனுக்கும் காப்பகத்துக்கும் நடுவே டிராம் வந்து நிற்கும். அவன் கண்ணை டிராம் மறைக்கும் அந்தச் சில நொடியில் தாதி பிள்ளையோடு வெளியேறிவிடுவார்.

இப்போதும் அந்தத் தெருவில் டிராம் போகிறது, 14-ஆம் எண். நாங்கள் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, டிராம் வந்து எதிர்ப்பக்கத்தை மறைத்து விலகும் வரை எண்ணிப் பார்த்தோம். ஒரு தடவை ஒன்பது வந்தது. அடுத்த தடவை ஆறு. ஆறு எண்ணுவதற்குள் கையில் ஒரு பிள்ளையோடு வெளியே வந்து, ஓடாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்து போக வேண்டும். பிள்ளை அழுதுவிடக் கூடாது.

இப்படி சுமார் 600 பிள்ளைகள் பிழைத்தார்கள். மாணவர்கள் அவர்களை ரயிலில் கூட்டிப்போய் வடக்கே ஃப்ரீஸ்லாந்திலும் தெற்கே லிம்பர்கிலும் குடும்பங்களில் சேர்த்தார்கள். பிமென்டெல் 1943-இல் போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார். ஸூஸ்கிண்டின் மனைவியும் சின்ன மகளும் அங்கேதான் போனார்கள், அவரும் 1945-இல் இறந்தார். ஃபான் ஹுல்ஸ்ட் மட்டும் 107 வயது வரை இருந்தார், 2018-இல் காலமானார். காப்பகத்தைக் காலி செய்த நாளைப் பற்றி அவர் வயதான பிறகு பேசியிருக்கிறார். அங்கே எண்பது, தொண்ணூறு பிள்ளைகள் நின்றிருக்கும். எல்லாரையும் கூட்டிப்போக முடியாது, விட்டுவிட்டுப் போகிற பிள்ளை செத்துவிடும் என்பதும் தெரியும். பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனாராம். ஏன் பதின்மூன்று இல்லை என்று பிறகு தன்னையே கேட்டுக்கொண்டாராம்.

அந்தக் கல்லூரிக் கட்டடம்தான் 2024 மார்ச்சிலிருந்து தேசிய யூதப் படுகொலை அருங்காட்சியகம். உள்ளே இரண்டு மணி நேரம் இருந்தோம். பார்த்ததை எல்லாம் எழுத மனசில்லை. பிள்ளைகளைக் கைமாற்றிய அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தபடி அத்தை உட்கார்ந்துவிட்டார். நான் மாடி முழுக்கச் சுற்றிவிட்டு வரும்போதும் அங்கேயேதான் இருந்தார். "பெத்தவ எப்படிம்மா குடுத்திருப்பா?" என்று கேட்டார். சரி என்று சொன்ன பெற்றோரும் இருந்தார்கள், முடியாது என்று பிள்ளையை மடியோடு வைத்துக்கொண்ட பெற்றோரும் இருந்தார்கள். முடியாது என்றவர்களையும் நாம் குறை சொல்ல முடியாது. போகிற இடம் என்ன இடம் என்று யாருக்குச் சரியாகத் தெரியும்?

திரும்பும் வழியில் பக்கத்துத் தெருவில் இன்னொரு கட்டடம். நகர மக்கள் பதிவேடு அங்கேதான் இருந்தது. யார் எங்கே இருக்கிறார்கள், எந்த மதம், எல்லாம் ஒழுங்காக அட்டையில் எழுதி அடுக்கிவைத்த நாடு இது. அந்த ஒழுங்குதான் எமனாக வந்தது. 1943 மார்ச் 27 ராத்திரி போலீஸ் உடையில் போன ஒரு குழு அதற்கு வெடிவைத்தது. அதில் முக்கியமானவர்கள் ஓவியர் வில்லெம் அரோன்டெயஸ், சிற்பி ஹெரிட் ஃபான் டெர் ஃபேன். தீயணைப்பு வீரர்கள் மெதுவாக வந்து, தேவைக்கு மேல் தண்ணீரைப் பீய்ச்சி, எரியாத அட்டைகளையும் ஊறவைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு இன்று பிடித்த ஆட்கள் அந்தத் தீயணைப்பு வீரர்கள்தான். ஜூலை 1-ஆம் தேதி அந்தக் குழுவில் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

மறுபடியும் பன்னிரண்டு.

மே 3, சனி. ஹார்லம்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். பார்டெல்யோரிஸ்ட்ராட் தெரு, 19-ஆம் எண். கீழே கடிகாரக் கடை, மேலே வீடு. கடை 1837-இலிருந்து டென் பூம் குடும்பத்துடையது. போர்க்காலத்தில் அப்பா காஸ்பர், கல்யாணம் ஆகாத இரண்டு மகள்கள் பெட்ஸி, கோரி, மூவரும் இங்கே இருந்தார்கள். கோரி நாட்டின் முதல் உரிமம் பெற்ற பெண் கடிகாரப் பழுதுபார்ப்பாளர். கடை என்பதால் நாள் முழுக்க ஆள் வந்து போவார்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஜன்னலில் ஒரு முக்கோண விளம்பரப் பலகை இருக்கும். அது நின்றால் உள்ளே வரலாம், இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டும்.

படி ஒடுக்கமாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. அத்தைக்கு முழங்கால் வலி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினார். உச்சியில் கோரியின் படுக்கையறை. அதன் கோடியில் ஒரு பொய்ச்சுவர். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரக் கூடாது என்று செங்கல் வைத்தே கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் முக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு சந்து. உள்ளே போக வழி, துணி அலமாரியின் அடித்தட்டு. அந்தத் தட்டின் பின்பலகையைத் தூக்கிவிட்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து நுழைய வேண்டும். அலமாரித் தட்டில் படுக்கை விரிப்புகள் மடித்து அடுக்கியிருக்கின்றன. இப்போது பார்வையாளர்களுக்காகச் சுவரில் ஒரு பகுதியை உடைத்துத் திறந்துவைத்திருக்கிறார்கள். நான் உள்ளே போய் நின்று பார்த்தேன். தோளைத் திருப்பினால் சுவரில் உரசுகிறது.

வழிகாட்டி அம்மா சொன்னதில் ஒத்திகைதான் என் மனதில் நிற்கிறது. மணி அடித்தால் ஒளிந்திருப்பவர்கள் எல்லாரும் மாடிக்கு ஓட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கூடுதலாக இருக்கும் தட்டை எடுக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், மூக்குக் கண்ணாடி, குப்பைக் கூடை, ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. கட்டிலில் மெத்தையைத் திருப்பிப் போட வேண்டும். வருகிறவன் கைவைத்துப் பார்த்தால் சூடு இருக்கக் கூடாது அல்லவா? இதையெல்லாம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிக்கும் அளவுக்குப் பழகியிருந்தார்கள்.

நான் மெதுவாகத் தமிழில் சொல்லச் சொல்ல அத்தை கேட்டுக்கொண்டே வந்தார். மெத்தை என்றதும் நின்றுவிட்டார். "அது பொம்பளைக்குத்தான் தோணும்" என்றார். பிறகு வரிசையாகக் கேள்வி. இருமல் வந்தால்? மாதவிலக்குத் துணியை எங்கே காயப்போடுவார்கள்? கொடியில் துணி அதிகமானால் அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடாதா? வழிகாட்டி அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். சிலவற்றுக்கு அவரிடம் பதில் இருந்தது. சிலவற்றுக்கு, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

1944 பிப்ரவரி 28. ஒருவன் கடைக்கு வந்து, தன் மனைவியைப் பிடித்துவிட்டார்கள், மீட்கப் பணம் வேண்டும் என்று கெஞ்சினான். கோரி அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். காட்டிக்கொடுக்க வந்தவன் அவன். அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாரையும் சேர்த்துச் சுமார் 30 பேரைப் பிடித்தார்கள். பொய்ச்சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்கு யூதர்கள், எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர். வீட்டுக்குக் காவல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அவர்கள் நின்றும் குந்தியும் சுமார் 47 மணி நேரம் இருந்தார்கள். கடைசியில் இயக்கத்துக்கு வேண்டிய போலீஸ்காரர்கள் காவல் முறை வந்தபோது வெளியே விட்டார்கள்.

காஸ்பருக்கு அப்போது 84 வயது. கிழவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அதிகாரி நினைத்தபோது, நாளைக்கே யாராவது கதவைத் தட்டினால் மறுபடியும் திறப்பேன் என்று சொன்னதாக அந்த வீட்டில் சொல்கிறார்கள். பத்தாம் நாள் சிறையில் செத்துப்போனார். பெட்ஸி அந்த டிசம்பரில் ராவன்ஸ்புரூக் முகாமில் இறந்தார். கோரி திரும்பி வந்தார். 1983-இல் தன் 91-ஆம் பிறந்த நாளிலேயே காலமானார்.

காட்டிக்கொடுத்தவர்களையும் எழுத வேண்டும், அதை விட்டுவிட்டு ஒளித்தவர்களை மட்டும் எழுதினால் அது பாதிக் கதை. 1943-இல் ஆம்ஸ்டர்டாமில் ஹென்னிக்க என்பவன் தலைமையில் டச்சுக்காரர்களே ஆள் பிடிக்கும் கூட்டமாகத் திரிந்தார்கள். சில மாதங்களில் 8,000-க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு தலைக்குக் கூலி அன்றைய டச்சு நாணயத்தில் ஏழரை கில்டர்.

"ஏழரை" என்று அத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷன் வரை இருவரும் பேசாமல் நடந்தோம்.

வழியில் ஒரு வீட்டு வாசலில் பித்தளைக் கல் பதித்திருந்தது. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, பிடிபட்ட நாள், கொல்லப்பட்ட இடம். ஜெர்மானியக் கலைஞர் குன்டர் டெம்னிக் 1992-இல் தொடங்கியது இது, ஐரோப்பா முழுக்க இப்போது ஒரு லட்சத்துக்கும் மேல் பதித்திருக்கிறார்கள். கல்லில் மண் அப்பியிருந்தது. அத்தை கைக்குட்டையை எடுத்தார். குனிய முடியவில்லை, என்னிடம் நீட்டினார். துடைத்தேன்.

மே 4, ஞாயிறு. வெஸ்டர்போர்க்

கார் இருந்ததால் காலையிலேயே கிளம்பினோம். வடகிழக்கே ட்ரென்ட மாகாணம். காடு, வயல், மறுபடி காடு.

வெஸ்டர்போர்க் முகாமை 1939-இல் கட்டியது டச்சு அரசுதான், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளைத் தங்கவைக்க. 1942 ஜூலையில் ஜெர்மானியர் அதை எடுத்துக்கொண்டார்கள். தஞ்சம் கொடுக்கக் கட்டிய இடம் கிழக்கே ரயிலேற்றும் இடமாகிவிட்டது. முதல் ரயில் 1942 ஜூலை 15, கடைசி ரயில் 1944 செப்டம்பர் 13. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. திங்கள் ராத்திரி பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள். முகாமில் 1,700-க்கும் மேற்பட்ட படுக்கையோடு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது, நல்ல நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். உடம்பு தேறியவர்களை அடுத்த செவ்வாய் அனுப்பினார்கள். 1943 மார்ச் முதல் ஜூலை வரை 19 ரயில்கள் போலந்தில் இருந்த சோபிபோர் கொலை முகாமுக்குப் போயின. 34,313 பேர். உயிரோடு மிஞ்சியவர்கள் 18.

அருங்காட்சியகத்திலிருந்து முகாம் இருந்த இடத்துக்குக் காட்டு வழியே இரண்டரைக் கிலோமீட்டர். அத்தையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் கணவரும் நடந்தோம். மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய வெள்ளை ரேடியோ தொலைநோக்கிகள் வரிசையாக நிற்கின்றன, மொத்தம் 14. முகாம் கட்டடங்கள் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. ஓரிடத்தில் தண்டவாளம், அதன் முனைகள் வானத்தைப் பார்த்து முறுக்கி வளைந்திருக்கின்றன. 1970-இல் ரால்ஃப் பிரின்ஸ் செய்தது. அவரே சிறுவனாக இந்த முகாமில் இருந்தவர்.

ஆள் எண்ணும் மைதானத்தில் 1,02,000 செங்கற்கள், ஒவ்வொருவருக்கும் ஒன்று, உயரம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி நட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றின் தலையில் ஆறுமுனை நட்சத்திரம். தூரத்திலிருந்து பார்த்தபோது நாற்று நட்ட வயல் மாதிரி இருந்தது.

இங்கே எனக்குப் புதிதாகத் தெரிந்த ஒன்று. ஒளிந்திருந்து பிடிபட்டவர்களை மற்றவர்களோடு வைக்கவில்லை. அவர்கள் குற்றவாளிகள் என்று தனிக் கொட்டடி, 67-ஆம் எண். ஆனி ஃபிராங்க் குடும்பமும் அதில்தான் இருந்தது. பிடிபட்டவர்களை அடுத்த ரயிலில் முதலில் ஏற்றுவார்கள். குற்றம் என்னவென்றால், ஒளிந்தது.

கனடா படை 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி வந்தபோது உள்ளே மிஞ்சியிருந்தவர்கள் 876 பேர்.

சாயங்காலம் அங்கிருந்து அரை மணி நேரம் தெற்கே, நியூலாண்ட என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கினோம். எல்லா வீட்டிலும் கொடி அரைக்கம்பத்தில். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு நினைவுக்கல்லுக்குப் போனோம், அறுபது எழுபது பேர் இருப்பார்கள். கோயில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. இரண்டு நிமிடம். ஒரு பையனின் சைக்கிள் சாய்ந்து விழுந்தது, அவன் அதை எடுக்கக் குனியவில்லை. எங்கோ ஒரு மாடு கத்தியது. ஆறு வருடமாக நின்றிருக்கிறேன், இன்றைக்குத்தான் எனக்கு முகங்கள் வந்தன: வேலிக்கு மேலே கைமாறிய பிள்ளைகள், காய்கறிக்கடைக்காரர், மெத்தையைத் திருப்பிப் போடும் பெட்ஸி.

மே 5, திங்கள். நியூலாண்ட

காலையில் எழுந்தபோது கொடிகள் உச்சிக்கு ஏறியிருந்தன. இன்று விடுதலை நாள்.

இது கரிமண் வெட்டி உருவான ஊர். நேர்க்கோட்டில் ஒரு ரோடு, இருபக்கமும் பண்ணை வீடுகள். இங்கே யோஹன்னெஸ் போஸ்ட் என்று ஒரு விவசாயி இருந்தார், எட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன். யூதர்களைத் தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சேர்த்தார். பிறகு ரேஷன் அலுவலகங்களை உடைக்கும் குழுக்களின் தலைவரானார். 1944 ஜூலை 16 அன்று ஹார்லம் பக்கத்து மணல்மேட்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஊரில் அவர் தொடங்கிய வேலையைத் தொடர்ந்தவர்கள் ஆர்னால்ட் டௌவெஸும் மாக்ஸ் லியோன்ஸும். மாக்ஸ் தானே யூதர். அவர் இன்னும் பலரை ஒளித்தார், ஒளிந்தவரும் அவரே, ஒளித்தவரும் அவரே. ஆர்னால்ட் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, ஓரிரு நாளைக்குத்தான் என்று சொல்லி ஆளை விட்டுவிட்டுப் போவாராம். அந்த ஓரிரு நாள் வருடக்கணக்கில் நீளும்.

ஊரே சேர்ந்து செய்ததால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க முடியாது, எல்லார் வீட்டிலும் ஆள் உண்டு. இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் இந்த ஊர்க்காரர்கள் 117 பேரைச் சேர்த்துக் கௌரவித்திருக்கிறது. ஆர்னால்ட் அந்த நாட்களிலேயே குறிப்பு எழுதினார், பொடி எழுத்தில். எழுதிய தாள்களை ஜாம் பாட்டிலில் போட்டு மண்ணில் புதைத்துவைத்தார். போருக்குப் பிறகு தோண்டி எடுத்தார்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். காலைச் சாப்பாட்டின்போது, நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்டார். சொன்னோம். ரொட்டிக் கூடையை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருடைய பாட்டி வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்ததாம். 1943 செப்டம்பரில் ஒருவர் சைக்கிளில் கொண்டுவந்தார். எட்டு மாதக் குழந்தை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. பாட்டிக்கு ஏற்கெனவே நான்கு பிள்ளைகள். ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

விடுதலைக்குப் பிறகு குழந்தையின் மாமா ஒருவர் தேடி வந்தார். அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். இப்படிப் பெற்றோரை இழந்து நின்ற யூதப் பிள்ளைகள் நாடு முழுக்கச் சுமார் 2,000 பேர். வளர்த்தவர்களிடமே இருப்பதா, உறவினரிடம் போவதா என்று அரசு ஒரு ஆணையம் போட்டுத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பல வீடுகளில் பெரிய வழக்காகவே ஆனது. இந்தப் பாட்டி வழக்காடவில்லை. உடுப்பைத் துவைத்து, மடித்து, மாமாவோடு அனுப்பிவைத்தார். அந்தப் பெண் பிறகு வெளிநாடு போய்விட்டார், வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வரும்.

"பாட்டி ஒளித்துவைத்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை" என்றார் அந்த அம்மா. "எங்களோடு இருந்தாள் என்றுதான் சொல்வார்."

அத்தைக்குத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, விரல் கணுவில் கட்டைவிரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். செப்டம்பர், அக்டோபர், நவம்பர்.

"ஏப்ரல்லதானே இந்தப் பக்கம் விடுதலை வந்துச்சு?"

"ஆமா அத்தை."

"பத்தொம்பது மாசம். தவழ்ந்துகிட்டு வந்த புள்ள, ஓடிக்கிட்டுப் போயிருக்கும்."

அத்தை என்ன சொன்னார் என்று அந்த அம்மா கேட்டார். டச்சில் சொன்னேன். எழுந்து போய் அடுப்பில் காப்பியைப் பார்த்தார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.